அடியில் குனிந்து பாருங்கள்: சென்னை ஈரத்துக்குத் தாங்கும் டைனிங் டேபிள்

டைனிங் டேபிள் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் மேல்பலகையைக் கையால் தடவுவார்கள், பாலிஷைப் பார்ப்பார்கள், நாற்காலியை இழுத்து உட்கார்ந்து பார்ப்பார்கள். 2011இல் நானும் அப்படிப் பார்த்துத்தான் வாங்கினேன். தேக்கு என்றார்கள், தேக்குதான். ஆறடி நீளம், மூன்றரை அடி அகலம். மேல்பலகையைச் சுற்றி நான்கு பக்கமும் நாலு இஞ்ச் சட்டம் வைத்து, மூலைகளைச் சாய்வாக வெட்டிச் சேர்த்திருந்தார்கள். போட்டோ ஃபிரேம் மாதிரி அழகாக இருந்தது. இரண்டாவது ஐப்பசி மழையில் நான்கு மூலையும் வாய் பிளந்தது. அடுத்த சித்திரையில் ஹாலில் ஏசி மாட்டினோம். ஒரு நாள் ராத்திரி 'டப்' என்று சத்தம். காலையில் பார்த்தால் நடுப்பலகையில் இரண்டடிக்கு விரிசல்.

மரத்தின் மேல் குற்றமில்லை. அதைக் கட்டிப் போட்டதுதான் தவறு. இது எனக்குப் புரிய எட்டு வருடமும், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த இன்னொரு மேசையும் வேண்டியிருந்தது.

என் மகள் குடும்பம் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸில் இருந்தது. அங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் ஹோம்ஸ் கவுண்டி. ஆமிஷ் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி. 1693இல் சுவிட்சர்லாந்து, அல்சேஸ் பக்கத்து மெனோனைட் கிறிஸ்தவர்களிடமிருந்து யாக்கோப் அம்மான் என்ற போதகரின் பின்னால் பிரிந்தவர்கள்; அவர் பெயரிலிருந்துதான் ஆமிஷ். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் குடியேறினார்கள். இன்றைக்கும் வீட்டில் ஒருவகை ஜெர்மன் பேசுகிறார்கள், குதிரை வண்டியில் போகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. அந்த உரிமையை 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. கணக்கு டீச்சராக வேலை பார்த்த எனக்கு அது முதலில் மனதுக்கு ஒட்டவில்லை. ஆனால் பதினாலு வயதில் பட்டறைக்குள் வருகிற பையன் முப்பது வயதுக்குள் மரத்தை எவ்வளவு தெரிந்து வைத்திருப்பான் என்பதையும் அங்கேதான் பார்த்தேன்.

'ஆமிஷ் கைவேலை' என்றதும் உளியும் கொட்டாப்புளியும் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். நாங்கள் போன பட்டறையில் ரம்பம், இழைப்பு மெஷின், சாண்டிங் மெஷின் எல்லாம் இருந்தன. பொது மின்கம்பியிலிருந்து கரண்ட் எடுப்பதில்லை, அவ்வளவுதான். வெளியே டீசல் எஞ்சின் ஓடுகிறது. அது காற்றை அழுத்துகிறது. அந்தக் காற்றில் கருவிகள் ஓடுகின்றன. எது கூடும், எது கூடாது என்பது ஒவ்வொரு சபைக்கும் வேறுபடும். ஒரு பட்டறையில் மேசை மட்டும், இன்னொன்றில் நாற்காலி மட்டும் என்று பிரித்துக்கொள்வதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூட்டு.

அவர்கள் மேசை நீடிப்பதற்குக் காரணம் கருவியில் இல்லை. முழு மரம், ஆழமான மூட்டு, மரம் அசைய விடப்பட்ட இடம், இந்த மூன்றில் இருக்கிறது. மூன்றையும் சென்னையில் நம் ஆசாரி செய்து கொடுப்பார். நாம்தான் கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2019இல் மகள் குடும்பத்தோடு திரும்பி வந்தபோது அங்கே வாங்கிய ஆமிஷ் மேசையையும் கண்டெய்னரில் கொண்டுவந்தாள். ரெட் ஓக் என்ற அமெரிக்க மரம். 60 அங்குல நீளம், 42 அங்குல அகலம். விருந்தாளி வந்தால் நடுவில் இழுத்து 12 அங்குலப் பலகைகள் இரண்டைப் போட்டுக்கொள்ளலாம். அவளுடைய வேளச்சேரி ஃபிளாட்டில் இறக்கிய அன்றே டேப்பை எடுத்து அளந்து நோட்டில் எழுதினேன். கார்த்திகையில் மறுபடி அளந்தால் நீளம் முக்கால் அங்குலத்துக்கு மேல் கூடியிருந்தது! மேல்பலகை கால் சட்டத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் வெளியே தள்ளியிருந்தது. ஆனால் விரிசல் இல்லை, ஆட்டம் இல்லை, நடுப்பலகை முன்பு போலவே சுலபமாக உட்கார்ந்தது.

எப்படி என்று பார்க்கத் தரையில் படுத்து டார்ச் அடித்தேன். மேல்பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் திருகாணிகள் வட்டத் துளையில் இல்லை. நீளவாட்டுத் துளையில் இருந்தன. பலகை விரிய விரிய ஆணி துளைக்குள் நகர்ந்து கொடுக்கிறது. இன்னொன்று, அந்த மேசையில் மர ரேகை நீளவாக்கில் ஓடாமல் குறுக்காக ஓடுகிறது. ரேகை ஓடும் திசையில் மரம் அநேகமாக நீளுவதே இல்லை. ரேகைக்குக் குறுக்கே மட்டும்தான் விரிந்து சுருங்கும். அதனால் நடுப்பலகை சேரும் விளிம்புகள் எந்தப் பருவத்திலும் ஒரே அளவு. பலகைகளைக் கோக்கும் ஊசித் துளைகளும் தப்பாமல் பொருந்துகின்றன. இதை யோசித்துச் செய்தவரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. மரம் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றோடு ஈரத்தைச் சமன் செய்துகொண்டே இருக்கும். ஹீட்டர் ஓடும் ஒஹாயோ வீட்டில் குளிர்காலக் காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் மரத்துக்குள் ஈரம் 6 சதவீதத்தில் நிற்கும். நம் ஊரில் 70 சதவீதம் என்றால் மரம் 13 சதவீதத்துக்குப் போய்விடும். மூன்றடி அகலத்துக்குச் சேர்த்த சாதாரண அறுப்புத் தேக்குப் பலகையில் ஈரம் 4 சதவீதம் ஏறினால் சுமார் கால் அங்குலம் விரியும். அதே அளவு ரெட் ஓக் அரை அங்குலம். தேக்குக்கு நம் கடற்கரை ஊரில் இருக்கும் மரியாதை சும்மா வந்ததில்லை. கால் அங்குலமே ஆனாலும் அதை ஆணியாலும் பசையாலும் தடுக்க முடியாது. தடுத்தால் என் பழைய மேசை மாதிரி மூலை பிளக்கும், இல்லை நடு வெடிக்கும்.

ஆகவே கடையில் முதல் வேலை, முட்டி போட்டு அடியில் பார்ப்பது. விற்பவர் என்ன நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல வேலை செய்தவர் தானே டார்ச் அடித்துக் காட்டுவார். மேலே ஒரு மரக் கண்ணு (கிளை இருந்த இடத்து முடிச்சு) தெரிந்தால் அதே இடத்தில் அடியிலும் தெரிகிறதா? விளிம்பில் ரேகை மடங்கி இறங்கி, குறுக்கு வெட்டு முகத்தில் வளையக் கோடுகளாகத் தெரிகிறதா? தெரிந்தால் முழு மரம். மேலே தேக்கு ரேகையும் அடியில் வேறு முகமும் இருந்தால் பிளைவுட் அல்லது எம்.டி.எஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை) மேல் ஒட்டிய வெனீர், அதாவது மெல்லிய மரத் தகடு. வெனீர் கெட்டது என்று சொல்லவில்லை, நல்ல பிளைவுட் விரியாது. ஆனால் முழு மரத்தின் விலைக்கு அதை வாங்காதீர்கள். அப்புறம், மேல்பலகையைச் சட்டத்தோடு எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாப் பக்கமும் பசையும் நேர் ஆணியும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முழு மரப் பலகையைச் சுற்றி மூலை சாய்த்த சட்டம் இருந்தாலும் வேண்டாம்.

கடைசியாக, மேசையின் ஒரு மூலையில் கை வைத்து எதிர்மூலைப் பக்கம் தள்ளுங்கள். புதிதாக இருக்கும்போதே கால் நெளிந்தால் ஐந்து வருடத்தில் ஆடும்.

என் அடுத்த மேசையை நான் கடையில் வாங்காமல் செய்ய வைத்தேன், அதனால் அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல முடியும். ஐந்தடிக்கு மூன்றடி, ஆறு பேர். உயரம் 30 அங்குலம். ஒருவர் கை இடிக்காமல் சாப்பிட 24 அங்குலம் வேண்டும் என்று கணக்கு வையுங்கள். இந்த அளவில் பக்கத்துக்கு இருவர், முனைக்கு ஒருவர். வாங்கும் முன் லிஃப்டையும் வாசலையும் அளந்துவிடுங்கள்.

மரம். சூளை, மாதவரம் பக்கத்து மரக்கடைகளில் கன அடிக் கணக்கில் விற்கிறார்கள். இந்த அளவு மேசைக்குக் கழிவும் சேர்த்து மூன்றரை கன அடி போதும். தேக்கு என்ற ஒரே பெயரில் நிலம்பூர், பர்மா, கானா, ஈக்வடார் என்று பல ஊர் மரம் வருகிறது. ஊர்ப் பெயரை விட நான் பார்த்தது வைரத்தை, அதாவது மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான பகுதியை. இளம் மரத்தை வெட்டினால் வெளிப்பக்க வெள்ளை அதிகம் இருக்கும். அந்த வெள்ளையில்தான் வண்டு விழுந்து மாவு கொட்டும். மேல்பலகைக்கும் காலுக்கும் வெள்ளை ஒரு விரல் கூட வேண்டாம் என்று சொல்லிப் பொறுக்குங்கள். இடித்த வீட்டு உத்தரம் கிடைத்தால் விடாதீர்கள். பல பத்து வருடம் காய்ந்த மரம் அது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச் சாமான் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் கேட்கலாம். அறுக்கும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டி, உள்ளே முறிந்த ஆணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தேக்கு கைக்கு எட்டவில்லை என்றால் வாகை. வைரம் நல்ல பழுப்பு, கனமான மரம், விலை குறைவு. தூள் மூக்கைப் பிடுங்கும், இழைக்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். வேம்பும் பலாவும் கூட நன்றாக நிற்கும். பலா முதலில் மஞ்சளாக இருந்து வருடம் போகப் போகத் தேன்நிறமாகும். தஞ்சாவூர் வீணைக்கு அந்த மரம்தான். மருந்து ஏற்றாத ரப்பர் மரம் மட்டும் நம் ஈரத்துக்கு வேண்டாம்.

மரம் வந்த அன்றே வேலையை ஆரம்பிக்க விடாதீர்கள். எல்லோரும் அவசரப்படும் இடம் இதுதான். ஒஹாயோ பட்டறைகளில் சூட்டு அறையில் உலர்த்திய பலகைதான் உள்ளே வரும். இங்கே அப்படி உலர்த்தியது கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் காற்றில் காய ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. எப்படி இருந்தாலும் பலகையை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து, ஒன்றன் மேல் ஒன்று ஒட்டாமல் நடுவில் ரீப்பர் வைத்து அடுக்குங்கள். எங்கள் வில்லிவாக்கம் வீட்டு ஹாலில் மாசி மாதம் முழுக்க பலகை அடுக்கு இருந்தது. ஈரம் காட்டும் சின்ன மீட்டர் கடையில் கிடைக்கிறது. வாரம் ஒருமுறை குத்திப் பார்த்தேன். 16இல் ஆரம்பித்து 12இல் நின்றது. 10 முதல் 12 வரை வந்தால் வேலை தொடங்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மேசை செய்யக் கொடுக்க வேண்டாம்.

ஆசாரியிடம் ஒஹாயோ மேசையின் அடிப்பக்கப் போட்டோக்களைக் காட்டினேன். பலகையைப் பசை போடாமல் விடச் சொன்னால் ஒத்துக்கொள்வாரோ என்று எனக்குள் பயம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது புதுசு இல்ல டீச்சர். கதவு செய்றப்ப எங்கப்பா சட்டத்துல காடி எடுத்துப் பலகைய உள்ள சும்மாதான் நிறுத்துவாரு. பசை வெச்சா திட்டுவாரு. மழைக்கு ஊதும், வெயிலுக்கு இறங்கும், அது பாட்டுக்கு இருக்கட்டும்னு சொல்லுவாரு." என் பழைய வீட்டுக் கதவை அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். பலகை நான்கு பக்கமும் காடிக்குள், அதாவது சட்டத்தில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள், தளர்வாக நிற்கிறது. எத்தனை மழை பார்த்த கதவு, ஒரு விரிசல் இல்லை.

அதனால் உங்கள் ஆசாரியிடம் அயல்நாட்டு வார்த்தை எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "கதவுப் பலகை மாதிரி மேல்பலகை அசையணும்" என்றால் போதும்.

எங்கள் மேசையில் செய்தது இது. சட்டத்தின் உட்பக்கம் மேலே ஒரு காடி. இரண்டு இஞ்ச் நீள மரத்துண்டுகள் பத்து, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு நாக்கு. நாக்கு காடிக்குள் நிற்கும், துண்டு மேல்பலகையோடு திருகாணியால் பிடிக்கும். நாக்குக்கும் காடிக்கும் நடுவே கால் அங்குலம் விட்டு வைத்தோம். பலகை எந்தப் பக்கம் போனாலும் துண்டு கூடவே நகரும், பிடியை மட்டும் விடாது.

மேல்பலகையின் இரண்டு முனையிலும் குறுக்குச் சட்டம் வைக்க ஆசைப்பட்டால் வைக்கலாம், ஆமிஷ் மேசைகளிலும் உண்டு. அதற்கு முறை இருக்கிறது: பலகை முனையில் நாக்கு, குறுக்குச் சட்டத்தில் காடி. நடுவில் மட்டும் பசை. இரண்டு ஓரத்திலும் நாக்கில் நீளவாட்டுத் துளை போட்டு மர ஆணி. மழையில் பலகை சட்டத்தை விட நூலளவு நீட்டிக்கொண்டு நிற்கும், கோடையில் உள்ளே போகும். அது குறை இல்லை, அதை இழைத்துச் சமமாக்கச் சொல்லாதீர்கள்.

காலும் சட்டமும் சேரும் இடத்தில்தான் மேசையின் ஆயுள். கால் மூன்று அங்குலச் சதுரம், சட்டம் நாலு அங்குல உயரம், ஒரு அங்குலக் கனம். சட்டத்தின் முனையைச் செதுக்கி மெலிதாக்கிய கழுந்து, காலில் அதற்கான துளை. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, காலுக்குள் ஒன்றரை அங்குலமாவது இறங்க வேண்டும். பசைக்கு மேல் குறுக்கே மர ஆணி அடித்தோம். வெறும் இரும்பு ஆணி, எல் வடிவத் தகடு, இரண்டு திருகு என்று முடித்தால் நாற்காலி இடிக்கிற ஒவ்வொரு முறையும் துளை கொஞ்சம் பெரிதாகும். இன்னொரு விஷயம், தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. பசை தடவும் முன் சேரும் முகத்தைத் தின்னரால் துடைத்து உடனே ஒட்டச் சொல்லுங்கள்.

கூலியைப் பற்றி என் அபிப்பிராயம்: மேசைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசாமல் நாள் கூலிக்குப் பேசுங்கள். மொத்தமாகப் பேசினால் கழுந்துக்குப் பதில் ஆணி அடிப்பதில்தான் அவருக்கு லாபம். நாம் அவரை அந்த நிலைக்குத் தள்ளக் கூடாது. எங்கள் மேசைக்கு ஆசாரியும் அவர் தம்பியும் பதினோரு நாள் வேலை செய்தார்கள். நான்கு கால்களின் துளை மட்டுமே இரண்டு நாள். ஆமிஷ் பட்டறையில் ஆர்டர் கொடுத்தாலும் சில வாரங்கள், சில சமயம் மாதங்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

பாலிஷில் ஒரே பிடிவாதம் காட்டுங்கள்: மேலே எத்தனை கை அடிக்கிறார்களோ அடியிலும் அத்தனை கை. அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டால் அந்தப் பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை கிண்ணம் மாதிரி வளையும். ஆமிஷ் மேசைகளில் பெரும்பாலும் கெமிக்கல் சேர்த்து இறுகும் வார்னிஷ் அடிக்கிறார்கள். இங்கே அதற்கு ஈடாக பி.யு. (பாலியூரிதேன்) அடிக்கலாம். தண்ணீரைத் தாங்கும். எண்ணெய் மட்டும் பூசிய மேசை பார்க்க அழகுதான், ஆனால் தினமும் சாம்பாரும் ரசமும் புழங்கும் வீட்டில் வருடா வருடம் மறுபடி பூச வேண்டும். பிரெஞ்சு பாலிஷ் சூட்டுக்குத் தாங்காது, சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம்.

வந்த பிறகு கவனிக்க வேண்டியது அதிகம் இல்லை. குக்கரை நேரே வைக்காதீர்கள், பிரிமணை இருக்கட்டும். மஞ்சள் கறை படிந்தால் சுரண்ட வேண்டாம். வெயில் படும் ஜன்னல் பக்கம் மேசையைத் திருப்பி வைத்தால் தானே வெளுக்கும். ஏசி காற்று நேராகப் பலகை மேல் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் ஆமிஷ் பட்டறைக்காரர் யோசிக்கத் தேவையில்லாதது, நாம் யோசித்தே ஆக வேண்டியது. நம் வீட்டில் தினமும் தரையை ஈரத்துணியால் துடைக்கிறோம். காலின் அடிமுகத்தில் மரத்தின் குழாய்கள் எல்லாம் திறந்திருக்கும், துடைத்த தண்ணீரை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மகளின் ரெட் ஓக் மேசையில் முதலில் கறுத்தது அந்த இடம்தான். கால்களுக்கு அடியில் இருந்த கம்பளித் துண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. அதைப் பிய்த்துவிட்டு, மேசையைக் கவிழ்த்து இரண்டு நாள் காயவிட்டு, அடிமுகத்தில் எபாக்சி இரண்டு கை தடவி, நைலான் குமிழ் அடித்தோம். எங்கள் மேசைக்கு ஆசாரி முதலிலேயே இதைச் செய்துவிட்டார். துடைப்பவர் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் காலுக்கும் தரைக்கும் நடுவே அரை விரல் இடைவெளி இருக்கிறது.